ஈரமாக விடப்படும் கண்ணாடி

இங்கிலாந்தின் குடியிருப்புத் தெருக்களில் ஜன்னல் கண்ணாடி துடைப்போரின் தொழில், அவர்கள் ‘ரவுண்டு’ என்று அழைக்கும் வாடிக்கைச் சுற்றின்மேல் நிற்கிறது. அடுத்தடுத்த தெருக்களின் வீடுகளைத் தொகுத்து, நான்கு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை அதே வரிசையில் வந்து துடைத்துச் செல்லும் ஏற்பாடு அது. தொழிலை விட்டு விலகுபவர் தம் ரவுண்டை இன்னொருவருக்கு விலைக்கு விற்றுவிட்டுப் போவதும் உண்டு என்னும்போது, அதில் அடங்கிய வீடுகள் பலவற்றோடு கையொப்பமிட்ட ஒப்பந்தம் எதுவும் இராது என்பது வியப்பூட்டுகிறது. வாசலில் நின்று பேசிய சில வாக்கியங்களும், கதவின் கடிதத் துளை வழியே உள்ளே தள்ளப்பட்ட ஒரு சீட்டுமே ஆண்டுக்கணக்கான அந்த உறவைத் தாங்குகின்றன. அச்சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பவையே சேவை நிபந்தனைகள்: என்ன வேலை, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, என்ன கட்டணம், எது நேர்ந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் விதிகள்.

இந்த விதிகள் வழக்கறிஞரின் மேசையில் பிறந்தவை அல்ல, தண்ணீரிலும் தூசியிலும் பிறந்தவை என்பது பணியாளரோடு ஒரு தெருவைச் சுற்றி வருபவருக்கு விளங்கிவிடும். ஏணியில் ஏறி, சோப்புநீர் தடவி, ரப்பர் விளிம்புள்ள ஸ்க்வீஜியால் வழித்தெடுக்கும் பழைய முறை இன்று வீடுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. உயரத்தில் நின்று செய்யும் வேலையைத் தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்த்தே ஆகவேண்டும் என்னும் 2005ஆம் ஆண்டின் உயரப்பணி விதிமுறைகளும் அதற்கு ஒரு காரணம். இப்போது பணியாளர் தரையில் நின்றபடியே, நுனியில் தூரிகை பொருத்திய நீண்ட கார்பன் இழைக் கோலை உயர்த்துகிறார்; வண்டியிலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே ஏறும் தண்ணீர், தூரிகையின் வழியே கண்ணாடிமேல் பாய்கிறது. அது குழாய்த் தண்ணீர் அன்று. ஆர்.ஓ. எந்திரத்திலும் அதற்கடுத்து அயனிகளை ஈர்க்கும் பிசின் உருளையிலும் வடிகட்டப்பட்டு, டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பின் அளவு சுழியத்துக்கு இறக்கப்பட்ட தண்ணீர். குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. வைத்திருக்கும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. அங்கே நாவுக்காக நீக்கப்படும் உப்பு இங்கே கண்ணுக்காக நீக்கப்படுகிறது. உப்பில்லாத நீர் காய்ந்தால் கறை தங்காது. ஆகவே துணியால் துடைக்காமல் அப்படியே விட்டுவிடுவதே இம்முறையின் முடிவான படி.

வேலை முடிந்து கோலை மடக்கும் நேரத்தில், வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரிவது நீர் வடியும் கண்ணாடிதான். அரைகுறையாக விட்டுப்போனார் என்ற புகார் அங்கேதான் முளைக்கிறது. ‘கண்ணாடிகள் ஈரமாகவே விடப்படும்’ என்னும் நிபந்தனை சீட்டில் இருந்தாலும், ஏன் என்பது அதில் இல்லாதவரை அது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்காகவே படிக்கப்படும். முதல் முறை துடைப்புக்குக் கூடுதல் கட்டணம் என்பதும் இவ்வாறானதே: பல மாதமாக ஜன்னல் சட்டத்திலும் காற்றுத் துளைகளிலும் அடைந்த அழுக்கு ஒரே முறையில் வெளியேறாமல், காயும்போது கோடாக வழிந்து இறங்கக்கூடும் என்பதை அறியாதவருக்கு அக்கட்டணம் பேராசையாகத் தோன்றும். மழைநாளிலும் வேலை நடக்கும் என்ற விதியோ வாடிக்கையாளரைச் சிரிக்கவே வைக்கிறது. சுத்தமான கண்ணாடியில் விழும் மழைநீர் பெரிதாகக் கறை விடுவதில்லை, ஏற்கெனவே படிந்திருந்த தூசியே கறையாகிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் அதிகச் சச்சரவுக்கு உரியது பூட்டிய கதவு பற்றிய விதி. இங்கிலாந்து வீடுகள் பலவற்றில் பின்பக்க ஜன்னல்களுக்குச் செல்ல வீட்டின் ஓரமாக ஒரு சிறு மரக்கதவு இருக்கிறது. முந்தின மாலை ‘நாளை வருகிறோம், பக்கக் கதவைத் திறந்துவையுங்கள்’ என்று குறுஞ்செய்தி போகிறது. மறுநாள் கதவு பூட்டியிருந்தால், முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுச் சிலர் முழுக் கட்டணமும் சிலர் பகுதிக் கட்டணமும் கேட்கிறார்கள். வண்டி வந்த நேரமும் வடிகட்டிய தண்ணீரும் செலவாகிவிட்டன என்பது பணியாளரின் நியாயம். திருட்டுக்கு அஞ்சியோ நாய் ஓடிவிடும் என்றோ பூட்டியவருக்குச் செய்யாத வேலைக்குப் பணம் எதற்கு என்பது எதிர் நியாயம். முழுக் கட்டணம் கேட்கும் விதி சட்டத்தின் நேர்மைச் சோதனையில் எளிதில் தேறாது என்றே தோன்றுகிறது; 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், நன்னம்பிக்கைக்கு மாறாக இரு தரப்பின் உரிமை கடமைகளை வெகுவாகச் சாய்க்கும் விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. எழுதிய விதி தெளிவான, எளிதில் புரியும் மொழியில் இருக்கவேண்டும் என்றும், இரு பொருள் தருமானால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. வணிக இடத்துக்கு வெளியே செய்யும் ஒப்பந்தங்களை 14 நாளுக்குள் விலக்கிக்கொள்ளும் உரிமை 2013ஆம் ஆண்டின் விதிமுறைகளில் இருந்தபோதிலும், 42 பவுண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது.

சீட்டைவிடப் பேச்சு கனமானது என்பதற்கு, சலவைத் தொழிலிலிருந்து வந்த 1951ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில வழக்கு சான்றாகிறது. வெள்ளை சாட்டின் திருமண உடையைச் சலவைக்குக் கொடுத்த பெண், கடை நீட்டிய தாளில் தம் கையொப்பம் எதற்கு என்று கேட்டார்; மணிகளுக்கும் ஜிகினாக்களுக்கும் வரும் சேதம் போன்ற சிலவற்றுக்குக் கடை பொறுப்பேற்காது என்பதால்தான் என்று கடைப் பணியாளர் விடை கூறினார்; தாளிலோ எவ்வகைச் சேதத்துக்கும் பொறுப்பில்லை என்றிருந்தது. உடை கறைபட்டுத் திரும்பியபோது, தவறான அந்த விளக்கத்தின் காரணமாகக் கடை அந்த விதியின் பின் ஒளியமுடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

இன்றைய சட்டம் இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. சேவையைப் பற்றிப் பணியாளர் சொன்னதை நம்பி வாடிக்கையாளர் முடிவெடுத்திருந்தால், அச்சொல்லே ஒப்பந்தத்தின் ஒரு விதியாகிவிடுகிறது. பூட்டிய கதவைப் பற்றி வாசலில் நிற்பவர் தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, தூரிகையை அலசிக்கொண்டே ‘பரவாயில்லை, முன்பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்’ என்று சொல்லும் பணியாளர், சீட்டின் பின்புறத்திலுள்ள பொடி எழுத்தை அந்த நிமிடமே அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் குழாயை இழுத்துச் செல்கிறார்.