வாசலில் நின்ற வீடு

உறவினர் வீட்டுக்குப் போவதில் இரண்டு வகைக் கஷ்டங்கள் உண்டு. போகாவிட்டால் வருகிற கஷ்டம் ஒன்று. போனால் வருகிற கஷ்டம் மற்றொன்று. முதலாவதை நான் பல வருஷங்களாக அனுபவித்து வந்தேன். இரண்டாவதைத் தவிர்க்க ஓர் உபாயம் அகப்பட்டுவிட்டதாகச் சென்ற ஐப்பசியில் நினைத்தேன். அந்த உபாயத்தின் பெயர் கேரவன்.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே இளைப்பாறும் வண்டி என்றுதான் அர்த்தம். அமெரிக்காவிலோ அது சாதாரணக் குடும்பங்களின் உடைமை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு, கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள ஒரு பெரிய வண்டியிலேயே குடியிருப்பது அங்கே உண்டு. இலையுதிர் காலத்தில், மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும்போது, ஒஹையோவில் மகன், இந்தியானாவில் தங்கை, விஸ்கான்சினில் பேத்தி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். பகலெல்லாம் உறவு, இரவானால் அவரவர் வண்டி. இந்த வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானாவில் எல்க்கார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் தயாராகிறதாம். நமக்குப் பக்கத்திலே கேரள அரசுகூட 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவன் என் தம்பி மகன். அந்தச் சீமையில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவன். சொன்னதோடு நில்லாமல், சிநேகிதன் ஒருவனுடைய வண்டியைப் பத்து நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட்டான்.

"கிளம்புங்க பெரியப்பா. எல்லாரையும் பார்த்துட்டு வரலாம். யாருக்கும் நாம பாரமில்லை" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தென்காசிச் சீமைக்கு ஐப்பசியில் யாரும் போவதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வந்து பூவாகச் சாரல் தூவும். அப்போது குற்றாலத்தில் எண்ணெய் மணமும் பழக்கடைகளும் ஜனத்திரளுமாக ஒரே அமர்க்களம். தென்காசிக்காரர்களுக்கு உறவினர் எண்ணிக்கையும் அந்த மூன்று மாதங்களில் திடீரென்று பெருகும். வீடுகளெல்லாம் சத்திரங்கள்தாம். ஐப்பசி மழை வேறு ஜாதி. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பிற்பகலில் இடி முழங்கும். மாலையில் கொட்டித் தீர்த்துவிடும். அருவிக்காக அல்லாமல் மனிதருக்காகவே ஒருவன் வருகிறான் என்றால் அவன் ஐப்பசியில்தான் வருவான் என்று நான் எனக்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

முதலில் கடையம். பாரதியார் 1918-ஆம் ஆண்டின் கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு, மனைவி செல்லம்மாவின் ஊரான இங்கேதான் ஏறக்குறைய இரண்டு வருஷம் வசித்தார். மாமனார் ஊரில் குடியிருப்பதென்றால் யாருக்கும் சங்கடந்தான். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். எண்பது கடந்த என் சித்தி கைத்தடியுடன் வெளியே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஏறி உள்ளேயும் பார்த்தாள்.

"கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு. எல்லாஞ் சரிதான். திண்ணை எங்கடா?" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை.

அடுத்தது செங்கோட்டை. அங்கே என் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது அண்ணனுக்குப் பதினொரு வயது. பிறகு திருநெல்வேலி ஜில்லாக்காரராக இருந்தார். 2019 நவம்பர் 22-ஆம் தேதி புதிய மாவட்டம் உதயமானதும் தென்காசி மாவட்டக்காரர் ஆனார்.

"எனக்கு எதுக்குப்பா சக்கரம் வச்ச வீடு? நான் இதே வீட்டிலேதான் இருக்கேன். ஊரு தானா நகர்ந்து நகர்ந்து போகுது" என்றார்.

இரவு சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு எழுந்தபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மதினி எங்களுக்காக விரித்து வைத்திருந்த மெத்தையை மெதுவாகச் சுருட்டினாள். அதை நான் பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

மறுநாள் குற்றாலம். பேரருவியில் செந்நிற வெள்ளம் பாறையை அறைந்துகொண்டு விழுந்தது. குளிக்கத் தடை, கட்டிய கயிற்றுக்கு இப்பால் போலீஸ்காரர் ஒருவர் குடையோடு நின்றார். ஐந்தருவியில் ஐந்து கிளைகள் தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகிவிட்டன. குளிக்க முடியாத அருவியின் முன்னே நிற்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வந்தார். அவர் 1954-இல் காலமானார். அவர் குற்றாலத்தில் வாழ்ந்த நாளில் ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அந்த வீட்டுக்கு விருந்தினராக வந்திருக்கிறார்கள். வருகிறவரை உட்காரவைத்துச் சோறு போட்டுக் கவிதை சொல்வதே அவருக்கு ஆனந்தம். அந்த வாசலில் யாராவது வண்டியை நிறுத்தி, ‘தங்களுக்குச் சிரமம் வேண்டாம், நான் வண்டியிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் அவர் முகம் எப்படிப் போயிருக்கும்?

இந்த எண்ணம் எனக்கு ரசிக்கவில்லை. ஏனென்றால், அடுத்துப் போகவேண்டியது தென்காசி, ஐந்து கிலோமீட்டர்தான். அங்கே என் அக்கா இருக்கிறாள்.

இப்போது சொல்லிவிடுகிறேன். 2006-இல் எங்கள் தகப்பனார் வீட்டைப் பாகம் பிரித்தபோது அக்காவுக்கும் எனக்கும் வார்த்தை தடித்தது. வீடு அவள் பங்குக்குப் போயிற்று. நியாயமாகத்தான் போயிற்று என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நான், "இனி இந்தக் கூரைக்குக் கீழே படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அதன் பிறகு கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகாமல் இல்லை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அத்தான் இறந்த அன்றுகூட அப்படித்தான் செய்தேன். ‘யாருக்கும் பாரமில்லை’ என்ற வார்த்தை எனக்கு ஏன் பிடித்தது என்பது இப்போது விளங்கியிருக்கும். பழைய வீம்புக்கு மரியாதையான ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அக்கா வாசலில் வண்டி நின்றது. தீபாவளி கழிந்த வாரம். முந்திரிக்கொத்தும் முறுக்கும் எடுத்து வைத்திருந்தாள். பிள்ளைகள் வெளியூரில், அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். முழங்கால் வலி அதிகமாகிவிட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்செல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்பது மணிக்கு, "நான் வண்டியிலே படுத்துக்கிடுதேன் அக்கா. ஒனக்கு எதுக்குச் சிரமம்?" என்றேன்.

"சிரமமா?" என்று மட்டும் கேட்டாள்.

பத்தரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் கதவு தட்டுவது முதலில் காதில் விழவில்லை. திறந்தால், குடையும் டார்ச் விளக்குமாக அக்கா நிற்கிறாள். புடவை பாதி நனைந்துவிட்டது. வண்டிக்கு மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி ஏறினாள். நான் கையைக் கொடுத்தேன். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ என் வீட்டுக்கு வரமாட்டே. சரி, ஒன் வீட்டுக்கு நான் விருந்தா வந்திருக்கேன். காப்பி உண்டாலே?" என்றாள்.

என் வீட்டில் காப்பி போடுவது என் வேலை அல்ல. போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருப்பதாகப் பொய் சொன்னாள். விருந்தாளி என்றால் அப்படித்தானே சொல்லவேண்டும்! சற்று நேரம் மழையைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"கூரைக்குக் கீழே படுக்கமாட்டேன்னுதானே சொன்னே?" என்று திடீரென்று கேட்டாள். "மொட்டைமாடியிலே படுத்திருக்கலாம்லா? ஒரு நாளாவது இந்தப் பய தங்க வருவான், சொல்லிச் சிரிக்கலாம்னு பத்தொம்பது வருஷமா வச்சிருந்தேன். நீ சாயங்கால பஸ்ஸுக்கே ஓடிப்போனியே!"

சிரிக்கத்தான் சொன்னாள். எங்களால் சிரிக்க முடியவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவுகிற சாக்கில் நான் திரும்பி நின்றுகொண்டேன். அவள் அந்தக் குறுகலான கட்டிலிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

காலையில் இருவரும் கோயிலுக்குப் போனோம். எங்கள் சிறுவயதில் காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் சிதைந்து மொட்டையாக நின்றது. அதுதான் அதன் இயல்பான உருவம் என்றே நினைத்திருந்தோம். 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு மறுபடி முழுமை பெற்றது. கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே, பின்னால் இதற்கு ஒரு குறை நேருமானால் அதைத் திருத்துகிறவர்களைத் தான் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டியவன் ராஜா, பழுது பார்க்கிறவனை அவன் வணங்குகிறான். கோபுர வாசலில் எப்போதும்போல் காற்று வேகமாக வீசியது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பாரம் முழுவதும் என்மேல் இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

மீதியிருந்த இரண்டு இரவும் நான் கூடத்தில் பாயில் படுத்தேன். தம்பி மகன் மட்டும் வண்டியில் தனியாகக் கிடந்தான். புறப்படும்போது அவன், "அடுத்த ஐப்பசிக்கும் வண்டி கேட்டு வைக்கட்டுமா பெரியப்பா?" என்றான்.

"வேண்டாம், பஸ்ஸிலேயே வரலாம்" என்றேன். "அந்தப் பாயை மட்டும் கரையான் அரிக்காமே பார்த்துக்கிடச் சொல்லு."

"அதை நான் பார்த்துக்கிடுதேன்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.