தொட்டியில் பிறந்த பெயர்கள்

புனே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொங்கணக் கடற்கரைக்கும் அதற்கும் நடுவே சகியாத்ரி நிற்கிறது. இங்கே வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புபவர் கடலைத் தாமே தயாரித்துக்கொள்ள வேண்டும். குழாய் நீரை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, கடையில் விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 என்று காட்டும்வரை கலக்க வேண்டும். அந்த நீரில் கடலுயிர் என்று ஒன்றும் இராது. உயிர்களெல்லாம் பிறகு வருபவை: கல்லின் துளைகளில், மணலின் இடுக்கில், மீன் வாங்கிவந்த பையின் நீரில். ஆகவே சில வாரங்கள் கழித்துக் கண்ணாடியில் ஏதோ ஊர்ந்தால், அது அழைக்கப்படாமல் வந்தது என்பது மட்டும் உறுதி.

பாஷாண் பகுதியில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தமிழ் ஆய்வு மாணவி ஒருவர் இப்படி ஒரு 60 லிட்டர் தொட்டியை வளர்க்கிறார். அவருடைய ஆய்வு பல்படிமங்களைப் பற்றியது. விலங்கியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவர். தொட்டியில் அவர் வாங்கி இட்டவை இரண்டு மீன்களும் சில நத்தைகளும்தாம். மீதியெல்லாம், மும்பையில் தொட்டியைக் கலைத்த ஒருவர் தந்த ஒரு கூடைக் கல்லிலும் ஒரு படி மணலிலும் வந்து சேர்ந்தவை. அவற்றைத் தந்தவருக்கு அவை இன்னொருவர் தந்தவை. அந்த வரிசையின் மறுமுனையில் ஏதோ ஒரு கடல் இருந்திருக்க வேண்டும்.

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு பார்ப்பது அவர் வழக்கம். பகலில் வெறுங்கல்லாகத் தெரிவது அப்போது தெருவாக மாறிவிடும். வெட்டி வெட்டித் தாவும் வெள்ளைப் புள்ளிகள் கோபிபாடுகள். பக்கவாட்டில் தட்டையாக, முதுகு வளைந்து ஓடுபவை ஆம்பிபாடுகள். கல்லில் சுண்ணாம்புச் சொட்டுகள்போல ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருள்கள் குழாய்ப்புழுக்களின் வீடுகள். கைகள் நீளம் ஒவ்வாமல் இருக்கும் நகக்கண் அளவான நட்சத்திர மீன்கள், உடலைப் பிளந்து பெருகுபவை என்பதால் அப்படி இருக்கின்றன; ஊனமில்லை. தொட்டால் பல்லி வாலை விடுவதுபோலப் பாதத்தின் ஒரு பகுதியை விட்டுவிட்டு நழுவும் ஸ்டொமட்டெல்லா நத்தையும் உண்டு. முதல் மாதத்திலேயே அவர் குறிப்பேட்டில் பதினேழு வகைகள் சேர்ந்தன. அவற்றுள் சிற்றினப் பெயரோடு எழுத முடிந்தது ஒன்றுகூட இல்லை.

தொட்டி வளர்ப்போர் இத்தகைய உயிர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இது கெடுதியா, இல்லையா? அதைக் குறை சொல்வதற்கில்லை. ஐசோபாடு ஒன்று மணலில் தென்பட்டால், தொட்டதும் உருண்டையாகச் சுருளும் குடும்பத்தைச் சேர்ந்ததா, பெரிய கண்களோடு வேகமாக நீந்தி மீனைக் கவ்வும் சைரோலனிடே குடும்பமா என்பதை அன்றிரவே அறிவது நல்லது. மறுநாள் மீன் இராது. கல்லில் பழுப்புத் தட்டுகள்போலக் கூட்டமாக விரியும் மென்மையான உயிர்கள் பாலிதோவா பேரினமாக இருக்கலாம் என்றால் மனிதருக்கே கவனம் வேண்டும். அப்பேரினத்தின் சில வகைகளில் உள்ள பாலிடாக்சின், அறியப்பட்ட கடும் நஞ்சுகளுள் ஒன்று. அவை ஒட்டியிருந்த கல்லைக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்யப்போய், ஆவியைச் சுவாசித்த குடும்பத்தினர் மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பெயர் தெரியாத கல்லை அடுப்பில் ஏற்றாதிருப்பது எந்த வகைப்பாட்டியலுக்கும் முந்திய விதி.

சட்டமும் இதில் நுழைகிறது. மாணவியின் தொட்டியில் நான்காவது வாரம் கல்லின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் உயரத்தில் பழுப்பு நிறப் பாலிப் ஒன்று விரிந்தது. நுனி கூர்த்த நீண்ட உணர்கொம்புகள். விரல் நிழல் பட்டதும் முழுவதும் உள்ளிழுத்துக்கொண்டது. அடியில் சுண்ணாம்புக் கூடு இல்லை. கூடு இருந்திருந்தால் அது பவளத்தின் இளம்பருவமாக இருக்கலாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், சேர்க்கப்பட்டவை. இதுவோ ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. உலகெங்கும் தொட்டிக்காரர்கள் வசை பாடும் உயிர். நசுக்கினால் ஒட்டிய துணுக்கிலிருந்து மீண்டும் முழு உயிராகும். பவளத்துக்கும் அதன் செல்களுக்குள் வாழும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய இன்று ஆய்வகங்கள் வளர்க்கும் மாதிரி உயிரியும் இதுவே. அதன் மரபணுத் தொகுதி 2015 இல் வெளியானது. ஒரே உயிர் ஒரு மேசையில் களை, அடுத்த மேசையில் பயிர்.

எனினும் "கெடுதியா" என்ற கேள்வி "என்ன" என்ற கேள்வியை விழுங்கிவிடும்போது இழப்பு நேர்கிறது. அதற்குத் தொட்டிகளின் வரலாற்றிலேயே மிகப் பெரிய சான்று ஒன்று உண்டு.

1883 இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே ஒரு சாம்பல் நிறத் தகட்டைக் கண்டார். கிராஸும் புனேயைப் போலக் கடலற்ற ஊர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அத்தகடு அமீபாவைப்போல வடிவத்தை மாற்றிக்கொண்டு ஊர்ந்தது. ஆனால் பல செல்களால் ஆனது. அதற்கு முன்பின் இல்லை, இடவலம் இல்லை, வாயோ குடலோ நரம்போ தசையோ இல்லை. டிரைக்கோபிளாக்ஸ் அட்ஹேரன்ஸ் என்று பெயரிட்டார். ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தட்டு என்பது பொருள். அறியப்பட்ட எந்த விலங்குத் தொகுதியிலும் அது பொருந்தவில்லை.

1907 இல் தீலோ க்ரும்பாக் என்பவர் அது தனி விலங்கே அன்று, எலூதேரியா என்னும் சிறு சொறியினத்தின் லார்வா என்று எழுதினார். ஷூல்ட்சே மறுத்தார், பிறரும் மறுத்தனர். பாடநூல்கள் லார்வாவையே ஏற்றுக்கொண்டன. காரணம் எளிது: லார்வா என்றால் ஏற்கெனவே உள்ள பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம், புதிய பெட்டி செய்ய வேண்டியதில்லை. 1960கள் வரை அவ்விலங்கைப் பற்றிப் பேச்சே இல்லை. 1971 இல் ஜெர்மானியரான கார்ல் கிரெல் அதற்காகப் பிளாக்கோசோவா என்ற தனித் தொகுதியையே நிறுவினார். 2008 இல் நேச்சர் இதழில் அதன் மரபணுத் தொகுதி வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் மான்சி ஸ்ரீவஸ்தவா. நரம்பும் தசையும் இல்லாத அவ்வுயிரில் ஏறக்குறைய 11,500 மரபணுக்கள் இருந்தன. சிக்கலான உடலமைப்புள்ள விலங்குகளில் வளர்ச்சியை நடத்தும் மரபணுக்கள் பலவும் அவற்றுள் அடக்கம். உலகின் தொட்டிகளில் கண்ணாடி துடைக்கும் பஞ்சோடு எத்தனையோ முறை போயிருக்கக்கூடிய ஒன்று அது.

தொட்டியில் முதலில் பெயர் பெற்று, சொந்த ஊர் பின்னால் தெரியவந்த உயிர்கள் வேறும் உண்டு. 1880 இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில், அமேசான் அல்லி வளர்ந்த வெந்நீர்த் தொட்டியில் கண்டெடுக்கப்பட்ட நன்னீர்ச் சொறியின் பூர்விகம் சீனாவின் யாங்சி ஆற்றுப்படுகை. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று பல ஆண்டுகள் தொட்டிக்காரர்களின் சாபத்துக்கு மட்டுமே ஆளாகியிருந்தது. 2011 இல்தான் அமகுசாபிளானா அக்ரோபோரே என்று முறைப்படி விவரிக்கப்பட்டது. இயற்கையில், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், அது இருப்பது அடுத்த ஆண்டில் பதிவாயிற்று. அறிவியலுக்கு முன்பே அதை நன்கு அறிந்திருந்தவர்கள், அதை ஒழிக்க முயன்றவர்களே.

எதிர்பாராத சிற்றுயிரைக் கண்டு திகைப்பதில் புனேக்கும் பங்குண்டு. சங்கர் புருஷோத்தம் அகர்கர் தாவரவியலாளர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆற்றில் அவர் கண்ட நன்னீர்ச் சொறி, அதுவரை ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட லிம்னோக்னிடா பேரினத்தைச் சேர்ந்தது. 1912 இல் நேச்சர் இதழில் அச்செய்தி வந்தது. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருந்த நெல்சன் அன்னண்டேல் அச்சிற்றினத்துக்கு லிம்னோக்னிடா இண்டிகா என்று பெயரிட்டார். செடி தேடுபவர் கண்ணில் சொறி பட்டது; அவர் அதை விட்டுவிட்டுப் போகவில்லை. புனேயில் அவர் 1946 இல் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது நிற்கும் சாலையோ கோபால் கணேஷ் ஆகர்கர் என்ற சீர்திருத்தவாதியின் பெயரைத் தாங்கியது. வெளியூர் மாணவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவதுண்டு. அந்நிறுவனத்தில் ஆய்வுக்கு வளர்க்கப்படும் ஹைட்ராவின் கிளைக்கு 'இண்ட்-பூனே' என்று பெயர். எங்கே பிடித்தது என்பது பெயரிலேயே ஒட்டியிருக்கிறது.

மாணவியின் தொட்டி உயிர்களிடம் இல்லாதது அதுதான். பழைய வகைப்பாட்டியல் விளக்கங்களில் உருவம் பாதி, இடம் பாதி. மன்னார் வளைகுடா என்றோ லட்சத்தீவு என்றோ தெரிந்தால், நூறு சாத்தியங்கள் பத்தாகும். தொட்டியில் அந்தப் பாதி அழிந்துவிடுகிறது. மரபணுப் பட்டைக்குறி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்பும் நண்பர்கள் அவருக்கு உண்டு. ஆனால் வழக்கமாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணு, பவளங்களிலும் கடல் சாமந்திகளிலும் மிக மெதுவாக மாறுவதால் அங்கே சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிளாக்கோசோவாவில் நிலைமை நேர்மாறு: உருவத்தில் எல்லாம் ஒன்றே, மரபணுவில்தான் வேறு. 2018 இல் ஹாங்காங்கிலிருந்து ஹொய்லுங்கியா என்ற புதிய பேரினம், மரபணுத் தொகுதியை ஒப்பிட்டே நிறுவப்பட்டது. தோற்றத்தில் அதற்கும் டிரைக்கோபிளாக்ஸுக்கும் வேறுபாடு சொல்ல இயலாது.

இதையெல்லாம் படித்த பிறகு அவர் செய்த காரியம் சிறியது. நுண்ணோக்கிக் கண்ணாடி வில்லைகள் நான்கைப் பிளாஸ்டிக் சட்டத்தில் செருகித் தொட்டியின் நிழல் மூலையில் தொங்கவிட்டார். பிளாக்கோசோவாவைத் தேடும் ஆய்வாளர்கள் கடலில் கையாளும் முறை அதுதான். பாசிப்படலம் படிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வாடகை வாங்க வந்த வீட்டுக்கார காகு, தொட்டிக்குள் எட்டிப்பார்த்து மராத்தியில் கேட்டார்: "இவங்கெல்லாம் எந்த ஊரு?" புதிதாகக் குடிவந்தவர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

பதினொன்றாம் நாள் மூன்றாவது வில்லையில், பாசியை மேய்ந்து வெளிறிய ஒரு பாதையின் முடிவில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு சாம்பல் தகடு இருந்தது. ஓரம் மெல்ல நீண்டு, மீண்டும் உள்ளே வந்தது. துறையில் இரவல் பெற்ற நுண்ணோக்கியில் இருபது நிமிடங்கள் பார்த்தார். மற்றொரு தகட்டைக் குழாய்முனையால் உறிஞ்சி 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு, பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே செருகினார். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

பிளாக்கோசோவா. பேரினம் துணியப்படவில்லை. வீட்டுத் தொட்டி, செயற்கைக் கடல்நீர், பாஷாண், புனே. கல் மும்பையிலிருந்து, இரண்டு கை மாறி. மூல இடம் தெரியாது.