துருப்பிடித்த பட்டதாரி

நான் புனேக்கு வந்தபோது அப்பாவின் பழைய சேத்தக்கும் ரயிலில் வந்து சேர்ந்தது. 1972இல் பஜாஜ் நிறுவனம் கொண்டுவந்த வண்டி அது. இந்நகரை அடுத்த ஆக்குர்டிதான் அதற்குப் பிறந்தகம். பிறந்தகம் வந்ததை நான் எப்படிப் பேணினேன்? மழை நான்கு மாதமும், பாதித் தொட்டி பெட்ரோலோடு, விடுதி மரத்தடியில் போட்டுவைத்தேன். "வண்டி எப்படி இருக்கிறது, தம்பி?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம், "நன்றாக ஓடுகிறது அப்பா" என்பேன்.

அக்டோபரில் உதைத்துப் பார்த்தேன். கால்தான் நொந்தது. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரக் காகா தொட்டியிலிருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்தார். மேலே பெட்ரோல், கீழே கலங்கிய நீர், அதற்கும் அடியில் செங்காவித் தூள்.

"என்ன படிக்கிறாய், பாளா?" என்று மராத்தியில் கேட்டார்.

"வேதியியல்" என்றேன். அவர் சிரித்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

பகல் வெப்பத்தில் தொட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே புகும். வெற்றிடம் எவ்வளவோ அவ்வளவு ஈரம். சுவரில் வியர்க்கும் நீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் தங்கும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால் சிறிது நீரைத் தன்னுள் ஏற்கும்; அளவு மிஞ்சினால் நீரோடு தானும் பிரிந்து கீழே இறங்கிவிடும். இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு. இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

தொட்டியைக் கழற்றி, சரளைக்கல்லும் சோப்புநீரும் இட்டுக் குலுக்கினோம். பீடி பற்றவைக்க வந்தவரைக் காகா விரட்டினார். பிறகு நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் ஊற்றினோம். அது துருவைக் கரைத்து, இரும்பின்மேல் பாஸ்பேட்டை மெல்லிய போர்வையாகப் படியவைக்கும். கழுவியதும் தாமதியாமல் காயவைத்து எண்ணெய் பூசினோம். ஈரம் நின்றால் சில மணி நேரத்திலேயே மறுபடியும் துரு தலைகாட்டும்.

வண்டி உறுமியது. அன்றிரவு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "மழைக்காலத்தில் தொட்டியை நிரப்பி, மூடியின் ரப்பர் வளையத்தையும் பார்த்துத்தானே வைப்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார்.

கோபித்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் போகுமுன் தொட்டியை நிரப்பி வையுங்கள். வீட்டிலிருந்து கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.