அடைத்த வாசல்

சில நாவல்கள் நம்மை அறியாத நாட்டிற்கு அழைத்துச் செல்கின்றன. வேறு சிலவோ, அறியாத நாட்டின் வழியே நடத்திச் சென்று, நாம் பிறந்த வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. ஹெப்சிபா ஜேசுதாசன் அவர்களின் 'புத்தம் வீடு' எனக்கு அத்தகைய நூலாயிற்று.

1964-இல் வெளிவந்த நாவல் அது. ஆசிரியை 1925-இல் பர்மாவில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாய்ப் பணியாற்றி 2012-இல் மறைந்தார். கதை நிகழ்வது குமரி நாட்டின் பனைவிளை என்னும் சிற்றூரில். பெருமை தேய்ந்துபோன ஒரு கிறித்துவக் குடும்பத்தின் பேத்தி லிஸி. அவள் மனம் பனையேறியின் மகனாகிய தங்கராஜை நாடுகிறது. இடையில் ஒரு கொலை நிகழ்கிறது. பழி தங்கராஜைச் சூழ்கிறது. நூலைக் கீழே வைக்க மனமின்றி ஒரே இரவில் படித்து முடித்தேன்.

நானோ சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் கேமரன் மலையில் பனைமரம் கிடையாது. 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைச் சரிவுகளில் தேயிலையே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. வேதக்கோயிலும் ஜெபமும் நிறைந்த அக்கதையில் என் இளமைக்கு என்ன இடம்?

பருவமெய்தியதும் லிஸியின் பள்ளிப்படிப்பு நின்றுவிடுகிறது. வீடே அவள் உலகமாகிறது. இந்தப் பகுதிக்கு வந்தபோது என் கண்முன் நின்றவள் லிஸி அல்லள், என் அக்காள்.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்தபடி தோட்டத்து லோரியில் பட்டணத்திற்குச் செல்ல வேண்டும். 1976-இல் அக்காள் ஆறாம் ஆண்டை முடித்தாள், அவ்வாண்டிலேயே பெரியவளானாள். "வயசுக்கு வந்த பிள்ளைய லோரியில அனுப்புறதா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். அவளுக்கென வாங்கி வைத்திருந்த புத்தகப்பை இரண்டாண்டுகளுக்குப் பின் எனக்கு வந்தது. அவள் தோளுக்குக் கொழுந்துக் கூடை வந்தது.

அப்பா கொடியவர் அல்லர். அவள் காய்ச்சலில் கிடந்த இரவுகளில் கண்விழித்தவர். லிஸியின் பாட்டனாரும் பேத்தியின்மேல் உயிரையே வைத்திருப்பவர். வாசலை அடைப்பது பகைவர் கை அன்று, பாசமுள்ள கையே என்பதை இந்நாவல் எவர்மீதும் குற்றம் சாட்டாமல் காட்டுகிறது. பகைவன் அடைத்த கதவை உடைத்துத் திறக்கலாம்; அப்பா அடைத்த கதவை மகள் எவ்வாறு உடைப்பாள்?

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். வேதம் வாசிக்கப் பெண்ணுக்கும் எழுத்துத் தெரிய வேண்டும் என்றது அச்சமயம். ஆயினும் அந்நாட்டுப் பெண்ணாகிய லிஸியின் படிப்பை ஊர்வழக்கம் நிறுத்திவிட்டது. இங்கும் அவ்வாறே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, பெண்ணுக்கு அது பாதி வழி வரைதான் வந்தது. கோயிலும் சட்டமும் திறந்த கதவை வழக்கம் சத்தமின்றிச் சாத்திவிடும் என்பதற்கு இவ்விரு மண்ணும் சாட்சி.

நூலை அக்காளிடம் கொடுத்தேன். அறுபதைத் தொட்டுவிட்ட அவள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எழுத்தெழுத்தாய்க் கூட்டி, மூன்று வாரம் படித்தாள். குமரி நாட்டு வழக்குச் சொற்கள் சிலவற்றிற்கு என்னிடம் பொருள் கேட்டுக்கொண்டாள். கொலைகாரன் யார் என்பதிலோ, காதல் கைகூடுமா என்பதிலோ அவளுக்கு அவ்வளவு ஆவல் இல்லை. படித்து முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அந்தப் பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடம் போகவே இல்லையா, தம்பி?"

"இல்லை அக்கா" என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு, ஈப்போவில் தாதியாகப் பணிபுரியும் தன் மகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, லிஸியின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அம்மகளைப் படிக்க வைக்க, முப்பதாண்டுகள் கொழுந்து கிள்ளியவள் அவள்.