தாமதமாக வந்தது யார்?

1972இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஆல்மா தாமஸின் தனிக் கண்காட்சி திறந்தபோது அவருக்கு வயது 80. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். 1960 வரை வாஷிங்டனில் ஒரு நடுநிலைப் பள்ளியின் டிராயிங் டீச்சர். இந்த மூன்று தகவல்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு கதை தானாகவே உருவாகிவிடும். ரிட்டயர் ஆன டீச்சரம்மா தூரிகையை எடுக்கிறார், உலகம் வியக்கிறது, எந்த வயசுலயும் தொடங்கலாம்.

இந்தக் கதை யாருக்கு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கிற பாதிப் பேரிடம் ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. ஹோம் லோன் எப்போது முடியும், கையில் எவ்வளவு நிற்கும், கடைசி வரியில் வயது 45. அதற்கப்புறம் ஒருவர் நாவல் எழுதுவார், ஒருவர் ஊரில் மாடு வளர்ப்பார். அந்த ஷீட்டுக்கு ஆல்மா தாமஸை விடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்காது. ஆனால் அவருடைய வாழ்க்கையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது.

அவர் 1891இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில் பிறந்தவர். அம்மா ஆடை தைத்து வடிவமைப்பவர். 1906இல் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தேடித்தேடிக் கொன்றன. அடுத்த ஆண்டே குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து 15ஆம் தெருவில் ஒரு வீட்டில் அமர்ந்தது. கொலம்பஸில் எங்களை அருங்காட்சியகத்துக்குள்ளேயே விட மாட்டார்கள், அங்கே எங்கள் படத்தை மாட்டுவதைப் பற்றி யோசிக்கவா முடியும் என்ற பொருளில் பிற்காலத்தில் அவர் பேசியிருக்கிறார். பள்ளியில் படித்தபோது கட்டடக்கலைஞராக ஆசைப்பட்டார். 1924இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். அதே ஆண்டு ஷா நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கிருந்து 1960க்குத் தாவிவிடுவதுதான் வழக்கம். நடுவில் இருக்கிற முப்பத்தைந்து ஆண்டுகளைக் காத்திருப்பு என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த ஆண்டுகளில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1943இல் அவருடைய பழைய பேராசிரியர் ஜேம்ஸ் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் வாஷிங்டனில் பார்னெட் ஏடன் கேலரியைத் தொடங்கியபோது அதன் துணைத்தலைவர் ஆனார். கறுப்பினத்தவர் நடத்திய கேலரிகளில் அது முன்னோடி. ஐம்பதுகளில், கிட்டத்தட்ட அறுபது வயதில், அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் ஓவிய வகுப்பில் போய் மாணவியாக உட்கார்ந்தார். பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், மிச்ச நேரத்தில் தானும் கற்றுக்கொண்டார். குடங்கள், பழங்கள் வரைந்த கை மெதுவாக அரூபத்துக்கு நகர்ந்தது இந்தக் காலத்தில்தான். ஓய்வுபெற்ற அன்றைக்கு அவர் தொடங்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முழுநாள் கிடைத்தது, அவ்வளவுதான்.

கிடைத்த நாட்களும் சுலபமானவை அல்ல. அறுபதுகளின் நடுவில் மூட்டுவாதம் கடுமையாகி, ஓவியத்தையே விட்டுடலாமா என்று நினைக்கிற நிலை. அப்போதுதான் ஹோவர்டு பல்கலைக்கழகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளை 1966இல் கண்காட்சியாக வைக்க முன்வந்தது. பழையதை மட்டும் கொண்டுபோய் மாட்ட அவருக்கு மனமில்லை. இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹோலி மரம் இருந்தது. காற்றில் ஆடும் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து வந்ததுதான் இன்று நாம் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளும் அவருடைய பாணி: பட்டை பட்டையாகவோ வட்டங்களாகவோ அடுக்கிய சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்கள், நடுவே வெள்ளை இடைவெளி. பல படங்களில் பென்சிலால் போட்ட கோடுகள்கூட அழிக்கப்படாமல் தெரியும். பெரிய கித்தான்களின் ஒரு முனையை மடியிலும் மறுமுனையை சோபாவிலும் வைத்துக்கொண்டு, திருப்பித் திருப்பி வரைவார். தனி ஸ்டூடியோ கிடையாது, வீடுதான்.

அப்பல்லோ பயணங்களை வியந்து ஒரு வரிசையே வரைந்தார். குதிரை வண்டிக் காலத்தில் பிறந்த பெண்மணி நிலவுப் பயணத்தை வரைகிறார். அதே ஆண்டுகளில் நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. 1963 வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டவர், அதை வரைந்தும் இருக்கிறார். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையைவிட அழகின்மேல் கவனம் வைக்கவே விரும்புவதாகச் சொன்னார். கறுப்பினக் கலைஞர் என்றால் போராட்டத்தைத்தான் வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அவர் ஏற்கவில்லை.

ஆனால் விட்னியின் கதவு தானாகத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969இலிருந்து கறுப்பினக் கலைஞர்கள் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டு நியூயார்க் அருங்காட்சியகங்களின் வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள். அந்த நெருக்கடியில்தான் விட்னி கறுப்பினக் கலைஞர்களுக்குச் சிறிய அரங்கில் தனிக் கண்காட்சிகளை வைக்கத் தொடங்கியது. போராட்டத்தை வரைய மறுத்தவரின் பூக்களும் வானமும் போராடியவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே போயின. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் விருப்பப்படி எதையும் வரையும் உரிமைக்கும் சேர்த்துத்தானே அவர்கள் வாசலில் நின்றார்கள்.

‘தாமதமாக மலர்ந்தவர்’ என்று அவரைச் சொல்லும்போது எனக்கு உறுத்துவது இதுதான். அந்தச் சொல் தாமதத்தை அவர் கணக்கில் எழுதிவிடுகிறது. அவர் ஹோவர்டில் பட்டம் வாங்கி 48 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது அருங்காட்சியகம்.

1974இல் இடுப்பெலும்பு முறிந்து நீண்டகாலம் வரைய முடியாமல் போனது. 1976இல் மூன்று கித்தான்களைச் சேர்த்து ஏறக்குறைய 13 அடி அகலத்தில் ஒரு படம் முடித்தார். சிவப்பு அசேலியாப் பூக்கள் ராக் அண்ட் ரோல் இசைக்கு ஆடிப்பாடுவதாகத் தலைப்பு. 1978இல் இறந்தார்.

1966இல் அவர் வரைந்த ‘ரிசரெக்‌ஷன்’ 2015இல் வெள்ளை மாளிகையின் உணவறையில் மாட்டப்பட்டது. அந்த மாளிகையின் நிரந்தரச் சேகரிப்பில் ஒரு கறுப்பினப் பெண்ணின் படைப்பு இடம்பெறுவது அதுவே முதல்முறை. 15ஆம் தெரு வெள்ளை மாளிகையை ஒட்டித்தான் போகிறது. 1907இல் குடும்பம் குடியேறிய அந்த வீட்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.