மூன்று தலைமுறை
மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று என் பேரன் அடம்பிடிக்கும் போதெல்லாம், சேற்றிலும் மணல்மேட்டிலும் வண்டிகளைத் தாவவிடும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பேரெடுத்த, பெல்ஜியத்து எவர்ட்ஸ் குடும்பம் நினைவில் எழுகின்றது. தந்தை ஹாரி நான்கு முறை உலக வாகை சூடியவர். மைந்தர் ஸ்டெஃபான் 1991-இல், பதினெட்டாம் வயதில், முதற்பட்டம் பெற்றார். 1999, 2000 ஆண்டுகளைக் காயங்கள் விழுங்கின. அத்தோடு ஒதுங்கியிருப்பின் எவரும் பழித்திரார். அவரோ 2001 முதல் ஆண்டுதோறும் வென்று, 2006-இல் பத்துப் பட்டங்களோடும் 101 கிராண்ட் பிரி வெற்றிகளோடும் ஓய்ந்தார். எத்தனையோ வீழ்ச்சிகளுக்குத் தப்பிய கால்விரல்களிற் சிலவற்றை, 2018-இல் காங்கோ சென்று வந்தபின் கண்ட மலேரியா பறித்தது. கொசுவுக்குத் தோற்றார், பாவம்! 2023-இல் அவர் மகன் லியாமும் கிராண்ட் பிரி வென்றார். வெற்றிப் பட்டியலில் இடம்பெறாத அவ்வீட்டுப் பெண்கள், பந்தய நாட்களில் எந்தச் செய்திக்குக் காத்திருந்திருப்பார்களோ!