சொல்லாமல் விட்ட பதில்

2007ஆம் ஆண்டு துணி வாங்குவதற்காகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் இரவு நெஞ்சுக்குழிக்குக் கீழே பிசைவது போல ஒரு வலி. மாதக்கணக்காக என்னோடு திரிந்த வலிதான், அன்று உறங்கவிடவில்லை.

காலையில், மொழிபெயர்ப்புக்கு வந்த இளம்பெண் ஒரு மூலிகைக் கடைக்கு அழைத்துப் போனாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர லாச்சிகள். முதிய வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சூடு பட்டால் சுகமா, அழுத்தினால் சுகமா என்று விசாரித்தார். இந்த வலியை அங்கே ‘இதயவாய் வலி’ என்பார்களாம். குளிர் புகுந்து ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது, ஓட்டம் சீரானால் வலி போகும் என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டார்: மலம் கறுப்பாகப் போகிறதா? அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே மொழிபெயர்த்தாள். எனக்கும் வெட்கம். “இல்லை” என்றேன். இரண்டு கிழமையாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் தந்தது ‘லியாங்ஃபு வான்’ என்னும் சிறு உருண்டைகள். இரண்டே சரக்குகள். லாச்சிகளைத் திறந்து காட்டினார். முகர்ந்ததும் உம்மாவின் குசினி ஞாபகம் வந்தது. ஒன்று சித்தரத்தை, மற்றது கோரைக்கிழங்கு!

வலி தணிந்தது. ஊர் வந்தும் விழுங்கினேன். ஒரு மாதத்தில் தலைசுற்றி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள்: இரைப்பையில் புண், இரத்தக் கசிவு. கறுப்பு நிறம் அந்த இரத்தம்தான். காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. இரண்டு வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் என்னைச் சுகப்படுத்தின.

வீட்டில் எல்லோரும் சீன மருந்தைத் திட்டினார்கள். நானும் பல வருடம் அப்படியே சொல்லித் திரிந்தேன். மூலிகை என்றால் தீங்கே இல்லை என்பதற்கில்லை. மேல்வயிற்று வலிக்குக் கொடுத்துவந்த ‘சிங்மூஷியாங்’ என்ற வேர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சீன அரசே 2004இல் அதை விலக்கியது. ஆனால் நான் விழுங்கியதில் அது இருக்கவில்லை.

“ஓம்” என்று சொல்லியிருந்தால் அந்த உருண்டைகளை அவர் தந்திருப்பாரா? கேட்கவேண்டியதை அந்த மனிதர் கேட்டார். பொய் சொன்னது நான்.